மூளைக்குப் போயிடுச்சா? அப்போ கீமோ வேஸ்ட்டு என்று சொன்னது யார்?

விருத்தாசலம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயங்கள் ஞாபகம் வரும். ஒன்று பழமலைநாதர் கோயில். இன்னொன்று ரயில்வே ஜங்ஷன். மூன்றாவது விஷயம் உள்ளூர்க்காரர்களுக்கும் வியாபாரிகளுக்கும்தான் தெரியும். அது செராமிக். கொலுவில் உட்காரும் பீங்கான் பொம்மை, வீட்டு மெயின் போர்டில் இருக்கும் பியூஸ் கேரியர் என்று பல சாமான்கள் இந்த ஊர்ச் சூளைகளில் வெந்து வெளியே போகின்றன. செராமிக் படிப்புக்கென்றே ஓர் அரசுத் தொழில்நுட்பக் கல்லூரியும் இங்கே இருக்கிறது.

இப்படிப்பட்ட ஊரின் டீக்கடையில் யாரும் கேட்கக்கூடிய ஒரு பேச்சு:

"அவருக்கு நுரையீரல்ல கேன்சராம்ணே. இப்ப மூளைக்குப் போயிடுச்சாம்."

"அப்ப அவ்ளோதான். மூளைக்குப் போச்சுன்னா கீமோ வேலை செய்யாது. வீட்டுக்கு இட்டாந்துட வேண்டியதுதான்."

அதே நோயாளியின் வீட்டுத் திண்ணையில் சொந்தக்காரர்கள் கூடினால் பேச்சு வேறு மாதிரி போகும்:

"எதுக்கும் ஒரு நாலு கீமோ போட்டுப் பாத்துடலாம் மாமா. ஒண்ணும் பண்ணாம விட்டுட்டாங்கன்னு நாளைக்கு நாலு பேரு பேசக்கூடாது பாருங்க."

முதல் பேச்சு அறிவாளித்தனமாகத் தெரிகிறது. இரண்டாவது பாசமாகத் தெரிகிறது. உண்மையில் இரண்டுமே சோம்பேறித்தனம். என்ன புற்றுநோய், எந்த வகை, உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்ற மூன்று கேள்விகளையும் கேட்காமலேயே தீர்ப்பு எழுதும் பேச்சுகள் இவை. ஒன்று, பிழைத்திருக்கக் கூடியவரைச் சாகவிடுகிறது. மற்றொன்று, சாகப்போகிறவரை நிம்மதியாகச் சாகவிடுவதில்லை. இந்தப் பதிவு இரண்டுக்கும் எதிரானது.

தூசியிலிருந்து தொடங்கும் கதை

செராமிக் ஊரில் ஏன் இந்தப் பேச்சு? காரணம் இருக்கிறது. பீங்கான் கலவையில் களிமண்ணோடு குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் போன்ற கற்பொடிகளும் சேரும். குவார்ட்ஸ் என்பது படிக சிலிக்கா. அதை அரைக்கும்போதும், உலர்ந்த பொடியைக் கொட்டும்போதும், காய்ந்த சாமானைத் தேய்த்து மழமழப்பாக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத தூள் பறக்கும். கண்ணில் படுகிற தூசியைவிடக் கண்ணில் படாத இந்தத் தூசிதான் ஆபத்து. நுரையீரலின் அடி ஆழம்வரை போவது அதுதான்.

இந்தத் தூசி சிலிக்கோசிஸ் கொண்டுவரும் என்பது பழைய செய்தி. 1948 தொழிற்சாலைகள் சட்டமே அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்தது. 1997-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, வேலையிடத்தில் சுவாசிக்கப்படும் படிக சிலிக்காவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கிற அதே பிரிவு.

நுரையீரல் புற்றுநோய்க்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மூளைக்குப் பரவும் புற்றுநோய்களில் முதலிடம் அதற்குத்தான். அடுத்தடுத்து மார்பகப் புற்றும் மெலனோமா என்ற தோல் புற்றும். மூளையிலேயே பிறக்கும் கட்டிகளைவிட, வேறு இடத்தில் பிறந்து மூளைக்குக் குடிபோகும் கட்டிகள்தான் அதிகம்.

இதில் இன்னொரு சிக்கல். சிலிக்கா தூசியில் வேலை செய்தவருக்கு டிபி வரும் வாய்ப்பும் கூடுதல். அதனால் இருமல், எடைக் குறைவு, சளியில் ரத்தம் என்று வந்ததும் டிபி மாத்திரை தொடங்கிவிடும். பல பேருக்கு அது சரியான சிகிச்சைதான். சில பேருக்கு உள்ளே இருப்பது புற்று. மாசக்கணக்கில் டிபி மாத்திரை சாப்பிட்டு, ஒருநாள் தாங்க முடியாத தலைவலியோ வலிப்போ வந்து ஸ்கேன் எடுத்தால், "மூளையில நாலு கட்டி இருக்கு" என்று ரிப்போர்ட் வரும். பூர்வீகம் நுரையீரல் என்பது அதற்குப் பிறகுதான் தெரியும். ஆக, தாமதம் நோயாளியுடையது மட்டும் அல்ல.

மூளைக்கு ஒரு கிளேஸ்

"கீமோ மூளைக்குப் போகாது" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அதில் பாதி உண்மை இருக்கிறது. அதுதான் பிரச்சினையே!

1885-ல் பால் எர்லிக் என்ற ஜெர்மன் விஞ்ஞானி விலங்குகளின் ரத்தத்தில் சாயம் செலுத்தினார். உடம்பு முழுக்க நிறம் ஏறியது, மூளையில் மட்டும் ஏறவில்லை. 1913-ல் அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன் சாயத்தை மூளையைச் சூழ்ந்த நீரிலேயே செலுத்தினார். இப்போது மூளைக்கு நிறம் ஏறியது, உடம்புக்கு ஏறவில்லை. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் ஒரு வேலி இருப்பது இப்படித்தான் தெரிய வந்தது.

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். மண்பானையில் தண்ணீர் ஊற்றினால் வெளியே வியர்க்கும். கிளேஸ் போட்டுச் சுட்ட பீங்கான் கோப்பையில் வியர்க்காது. உடம்பின் மற்ற ரத்தக் குழாய்கள் மண்பானை மாதிரி. மூளையின் ரத்தக் குழாய்கள் கிளேஸ் போட்டவை. செல்கள் இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். போதாததற்கு, தப்பித்தவறி உள்ளே நுழைகிற மருந்தை மறுபடி ரத்தத்துக்கே இறைத்துவிடும் பம்புகளும் அந்தச் செல்களில் உண்டு. பாக்லிடாக்ஸல் போன்ற பிரபலமான கீமோ மருந்துகள் இந்தப் பம்பிடம்தான் தோற்கின்றன.

இதுவரை சொன்னது ஆரோக்கியமான மூளையின் கதை. கட்டி வளர்ந்த இடத்தில் என்ன ஆகிறது? கட்டி தனக்கென்று புதிய ரத்தக் குழாய்களை உண்டாக்கிக்கொள்கிறது. அவற்றின் கிளேஸ் விரிசல் விட்டது. ஸ்கேன் எடுக்கும்போது கையில் ஏற்றுகிற கான்ட்ராஸ்ட் மருந்து கட்டியில் மட்டும் பளிச்சென்று தெரிவது எதனால்? வேலி அங்கே ஓட்டை என்பதனால்தான்! அந்த வழியாகக் கீமோ மருந்தும் ஓரளவு நுழையும். ஆனால் விரிசல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. கட்டியின் நடுவில் மருந்து சேரும், ஓரத்தில் சேராது. பெரிய கட்டியில் சேரும், கடுகளவு கட்டியில் சேராது.

எனவே "போகாது" என்பதும் தப்பு, "போகும்" என்பதும் தப்பு. "எது, எவ்வளவு, எதற்கு" என்பதுதான் சரியான கேள்வி.

"வேலை செய்யாது" கட்சிக்கு

முதலில் இந்தக் கட்சியை விசாரிக்கலாம்.

லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் என்ற சைக்கிள் வீரரைப் பலருக்கும் தெரியும். ஊக்கமருந்து விவகாரத்தில் 2012-ல் பட்டங்களைப் பறிகொடுத்தவர். அந்தக் கதை தனி. 1996-ல் அவருக்கு விதைப்பைப் புற்றுநோய். நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவிய பிறகுதான் தெரிந்தது. மூளைக் கட்டிகளை அறுவை செய்து எடுத்தார்கள். சிஸ்பிளாட்டின் அடங்கிய கீமோ கொடுத்தார்கள். மனிதர் பிழைத்தார். கர்ப்பத்தோடு தொடர்புடைய கோரியோகார்சினோமா என்ற புற்றுநோயிலும், மூளைவரை பரவிய பிறகும் கீமோவால் முழுசாகக் குணமானவர்கள் உண்டு. இவர்களிடம் போய் "மூளைக்குப் போச்சுன்னா அவ்ளோதான்" என்று சொல்ல முடியுமா?

"அதெல்லாம் அபூர்வ கேஸ்" என்பார்கள். சரி, நுரையீரலுக்கே வரலாம். 2001-ல் பிரான்சில் ஓர் ஆய்வு வெளியானது. மூளைக்குப் பரவிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 171 பேர். எல்லோருக்கும் சிஸ்பிளாட்டின், வினோரெல்பின் கீமோ. பாதிப்பேருக்கு மூளைக் கதிர்வீச்சை, அதாவது ஊர்ப்பேச்சில் "கரண்ட் வைக்கிறதை", உடனே தொடங்கினார்கள். மீதிப்பேருக்குக் கீமோவை முதலில் கொடுத்துப் பார்த்துவிட்டுப் பிறகு வைத்தார்கள். கீமோ மட்டும் பெற்றவர்களில் 27 சதவீதம் பேருக்கு மூளைக் கட்டி சுருங்கியது. கதிர்வீச்சும் சேர்த்துப் பெற்றவர்களில் 33 சதவீதம். ஆயுளில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 27 சதவீதம் பெரிய வெற்றி அல்ல. ஆனால் பூஜ்ஜியமும் அல்ல!

இது பழைய கதை. அதற்குப் பிறகு ஆட்டமே மாறிவிட்டது. இந்தியாவில் நுரையீரல் அடினோகார்சினோமா வந்தவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கோ அதற்கும் மேலோ இஜிஎஃப்ஆர் என்ற மரபணு மாற்றம் இருக்கிறது. இருந்தால், அதைக் குறிவைக்கும் மாத்திரைகள் உண்டு. ஜெஃபிடினிப் பழையது, இந்தியாவிலேயே பல கம்பெனிகள் தயாரிப்பது. ஒசிமெர்டினிப் புதியது, மூளைக்குள் நன்றாக நுழைவது.

இங்கேதான் கீமோவுக்கு மறுபிறவி. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை 350 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2019-20-ல் வெளிவந்தது. ஜெஃபிடினிப் மட்டும் கொடுத்தால் நோய் மறுபடி முற்ற 8 மாதம். அதோடு பெமெட்ரெக்ஸெட், கார்போபிளாட்டின் கீமோவும் சேர்த்தால் 16 மாதம். இரண்டு மடங்கு! 2023-ல் சீனாவில், மூளைக்குப் பரவியவர்களிடம் மட்டுமே இதே மாதிரிக் கூட்டணியை வைத்துப் பார்த்தார்கள். மூளைக்குள் நோய் முற்றாமல் இருந்த காலம் 9.1 மாதத்திலிருந்து 15.6 மாதமாகக் கூடியது. அதே 2023-ல் ஒசிமெர்டினிப்பை வைத்து நடந்த உலகளாவிய ஆய்விலும், மூளைக்குப் பரவியிருந்தவர்களுக்கு கீமோவைச் சேர்த்தபோது நோய் முற்றாத காலம் 13.8 மாதத்திலிருந்து 24.9 மாதமானது.

"மூளைக்குப் போனால் கீமோ வேஸ்ட்டு" என்ற ஊர் ஞானத்துக்கு இதைவிட நேரான மறுப்பு வேண்டுமா?

மார்பகப் புற்றிலும் இதே கதைதான். ஹெர்2 வகையில், டுகாடினிப் என்ற மாத்திரையை டிராஸ்டுசுமாப் ஊசியோடும் கேபெசிடபின் என்ற கீமோ மாத்திரையோடும் சேர்த்துக் கொடுத்த ஆய்வு 2019 டிசம்பரில் வெளியானது. மூளைக்குப் பரவியிருந்தவர்களில் ஒரு வருடம் கழித்தும் நோய் முற்றாமல் இருந்தவர்கள் 24.9 சதவீதம். டுகாடினிப் இல்லாத பிரிவில் பூஜ்ஜியம். இந்தப் பூஜ்ஜியத்தையும் கவனிக்க வேண்டும். கேபெசிடபினும் டிராஸ்டுசுமாபும் மட்டும் போதவில்லை. சரியான துணையோடு சேர்ந்தபோதுதான் பலன்.

"எதுக்கும் போட்டுப் பார்" கட்சிக்கு

முதல் கட்சிக்கு விழுந்த அடியைப் பார்த்து இந்தக் கட்சி கைதட்ட வேண்டாம். அடுத்தது இவர்களுக்குத்தான்.

மேலே சொன்ன ஆய்வுகளில் சேர்க்கப்பட்டவர்கள் யார்? பெரும்பாலும் எழுந்து நடமாடக் கூடியவர்கள். மரபணு சோதனை செய்து பொருத்தம் பார்க்கப்பட்டவர்கள். படுத்த படுக்கையாக, கஞ்சி இறங்காமல், நினைவு தப்பித்தப்பி வருகிற மனிதருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. டாடா ஆய்வில்கூட, கீமோ சேர்த்துக் கொடுத்தவர்களில் கடுமையான பக்கவிளைவு கண்டவர்கள் 51 சதவீதம். மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் 25 சதவீதம். தெம்பாக இருந்தவர்களுக்கே இந்த நிலை!

2015-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, முற்றிய புற்றுநோயாளிகள் 312 பேரின் கடைசி நாட்களைப் பார்த்தது. கடைசிக் காலத்தில் கொடுத்த கீமோ ஆயுளைக் கூட்டவில்லை. அதைவிட அதிர்ச்சி, ஓரளவு தெம்பாக இருந்தவர்களுக்குக் கடைசி வாரத்தின் நிம்மதியையும் அது குறைத்தது.

கீமோவுக்கு மட்டும் இந்தக் கேள்வி என்று நினைக்க வேண்டாம். கரண்ட் வைப்பதற்கும் உண்டு. 2016-ல் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் 538 நோயாளிகளிடம் நடந்த குவார்ட்ஸ் என்ற ஆய்வு வெளியானது. (இந்த ஊரின் தூசிப் பெயரே அந்த ஆய்வுக்கும் அமைந்தது தற்செயல்.) அறுவைக்கோ, குறிபார்த்து வைக்கும் கதிர்வீச்சுக்கோ ஏற்றவர்களாக இல்லாத நுரையீரல் புற்றுநோயாளிகள் இவர்கள். மூளை முழுவதற்கும் கதிர்வீச்சு பெற்றவர்கள் வாழ்ந்தது நடுக்கணக்கில் 9.2 வாரம். ஸ்டீராய்டும் நல்ல பராமரிப்பும் மட்டும் பெற்றவர்கள் 8.5 வாரம். வித்தியாசம் ஐந்து நாள். அந்த ஐந்து நாளுக்காக, உயிர் ஊசலாடும் மனிதரை நூறு கிலோமீட்டர் தூரத்துக்குத் திரும்பத் திரும்பத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டுமா?

"ஒண்ணும் பண்ணாம விட்டுட்டாங்கன்னு பேசுவாங்க" என்ற பயம் இருக்கிறதே, அதுதான் இந்தக் கட்சியின் உண்மையான மருந்து. அந்த ஊசி நோயாளிக்கு அல்ல, சொந்தக்காரர்களின் மனசாட்சிக்கு. நகையை அடகு வைத்து, மனைக்கட்டை விற்று அந்த ஊசியைப் போடுகிறார்கள். பத்தாம் நாள் காரியம் முடிந்த பிறகு வட்டி கட்டுவது யார்? அந்த வீட்டுப் பெண்ணும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும்தான்.

கீமோ போடாவிட்டால் "ஒண்ணும் பண்ணாமல்" விடுவதா? அதுவும் பொய். 2010-ல் அமெரிக்காவில் 151 நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு: ஆரம்பத்திலிருந்தே வலி, மூச்சுத்திணறல், மனத்துயர் ஆகியவற்றுக்கான ஆதரவுச் சிகிச்சையையும் சேர்த்துப் பெற்றவர்கள் 11.6 மாதம் வாழ்ந்தார்கள். வழக்கமான புற்றுநோய்ச் சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் 8.9 மாதம். வலியைக் குறைப்பது கைவிடுவது அல்ல. அதுவும் சிகிச்சை.

நடுவில் ஒரு கடைக்காரர்

இரண்டு கட்சிக்கும் இடையில் மூன்றாவதாக ஒருவர் கடை விரிப்பார். "இங்கிலீஷ் மருந்துக்காரனே கைவிட்டுட்டான் பாத்தீங்களா? எங்ககிட்ட ஒரு மண்டலம் கஷாயம் சாப்பிடுங்க." இவருக்கு வாடிக்கையாளர் பிடித்துக் கொடுப்பது யார்? "மூளைக்குப் போச்சுன்னா அவ்ளோதான்" என்று சொன்ன முதல் கட்சிதான். நம்பிக்கையைப் பிடுங்கிக்கொண்டு தெருவில் விட்டால், அதை விலைக்கு விற்பவன் தெருமுனையில் காத்திருப்பான்.

காசும் தூரமும்

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு நியாயமான கேள்வி வரும். "மும்பை, சீனா, அமெரிக்கா எல்லாம் சரி. சூளையில் கூலி வேலை பார்த்தவருக்கு இதெல்லாம் கிடைக்குமா?"

நல்ல கேள்வி. கோபம் திரும்ப வேண்டிய திசையும் இதுதான்.

சிகிச்சையே இல்லை என்று சொல்ல முடியாது. புதுச்சேரி ஜிப்மரில் மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. சென்னையில் 1954-ல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கி, 2021-ல் மறையும்வரை டாக்டர் சாந்தா கட்டிக்காத்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. முதல்வர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. 2024 ஜூலை பட்ஜெட்டில் ஒசிமெர்டினிப் உள்ளிட்ட மூன்று புற்றுநோய் மருந்துகளுக்கு இறக்குமதி வரி முழுசாக நீக்கப்பட்டது.

ஆனால் கீமோ பொதுவாக மூன்று வாரத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் நோயாளிக்கும் கூட வருபவருக்கும் பஸ் செலவு, சாப்பாடு, இரண்டு பேர் கூலி. நடுவில் ரத்தப் பரிசோதனை. வலிப்பு வந்தால் ராத்திரியில் வாடகைக் கார். மருந்து இலவசமாகவே இருந்தாலும் தூரம் இலவசம் இல்லை. 2025 மத்திய பட்ஜெட், மூன்று ஆண்டுகளுக்குள் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் பகல்நேரப் புற்றுநோய்ச் சிகிச்சை மையம் வரும் என்று அறிவித்தது. நல்ல அறிவிப்பு. ஆனால் மாவட்டத் தலைநகர் கடலூர். விருத்தாசலத்திலிருந்து அதுவும் ஒரு பஸ் பயணம்தான்.

எனவே கேட்க வேண்டியவை இவை. ஒன்று, பெரிய மையம் எழுதிக்கொடுக்கும் கீமோவை ஊருக்குப் பக்கத்து அரசு மருத்துவமனையிலேயே ஏற்றும் வசதி. இரண்டு, நுரையீரல் புற்று என்றால் மரபணு சோதனை கட்டாயம், அதுவும் இலவசம். அந்த ரிசல்ட் இல்லாமல் எழுதப்படும் கீமோ சீட்டு இருட்டில் எறிகிற கல். மூன்று, தூசியில் வேலை பார்த்தவர் இருமினால் டிபியோடு சேர்த்துப் புற்றையும் சந்தேகிக்கும் பழக்கம். நான்கு, வலிக்கு மார்ஃபின். அதற்கான சட்டச் சிக்கல்கள் 2014 திருத்தத்திலேயே தளர்த்தப்பட்டுவிட்டன. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் வலிநிவாரணப் பராமரிப்பும் உண்டு. அதைக் கேட்டு வாங்க வேண்டும். ஐந்து, எல்லாவற்றுக்கும் முன்னால், தூசியையே குறைப்பது. ஈரமாக அரைப்பது, தூசி உறிஞ்சும் குழாய், சரியான மாஸ்க். கைக்குட்டை கட்டினால் சிலிக்கா நிற்காது.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

வீட்டில் யாருக்காவது இப்படி வந்தால், டீக்கடையில் கேட்காமல் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்:

1. சதைப் பரிசோதனையில் எந்த வகைப் புற்று என்று வந்திருக்கிறது?
2. மரபணு சோதனைக்கு அனுப்பியாகிவிட்டதா? அதற்கான மாத்திரை இருக்கிறதா?
3. மூளையில் எத்தனை கட்டி? அறுவைக்கோ குறிபார்த்து வைக்கும் கதிர்வீச்சுக்கோ ஏற்றதா?
4. இந்த மருந்து மூளைக்குள் போகுமா? எத்தனை சுற்றுக்குப் பிறகு ஸ்கேன் எடுத்துப் பார்ப்பீர்கள்? பலன் இல்லையென்றால் எப்போது நிறுத்துவீர்கள்?
5. இது குணப்படுத்தவா, நாளைக் கூட்டவா, கஷ்டத்தைக் குறைக்கவா?

ஐந்தாவது கேள்வியைக் கேட்கத்தான் எல்லோருக்கும் பயம். ஆனால் நோயாளிக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே, அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேட்க வேண்டிய கேள்வி அது. மூளைக்குப் பரவும் நோயில் அதற்கான அவகாசம் குறைவு. பேச்சு குழறும்வரை காத்திருந்துவிட்டு, பிறகு மச்சானும் சித்தப்பாவும் சேர்ந்து அவருக்காக முடிவெடுப்பது அன்பு அல்ல.

சூளைக்காரருக்கு ஒரு விஷயம் தெரியும். எல்லாக் களிமண்ணுக்கும் ஒரே சூடு கிடையாது. மண்ணைப் பார்க்காமல் நெருப்பு வைத்தால் சாமான் வெடிக்கும். வைக்காமலே விட்டால் வெறும் மண்ணாகக் கரையும். பொம்மை சுடுவதற்கே இவ்வளவு யோசிக்கிற ஊர், மனுசன் விஷயத்தில் மட்டும் ஏன் யோசிக்காமல் தீர்ப்புச் சொல்கிறது?